மெமோவுக்கு முன் கடைசி பெஞ்ச்

வணக்கம் அம்மா. பெரம்பூரில் உங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியைக்கு ஆறாம் வகுப்பு அடங்கவில்லை, விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அந்தத் தாளைப் பார்த்துப் பிள்ளைகள் அடங்கப்போவதில்லை. முன்பே சொல்லிவிட்டு, வாரம் இரண்டு முறை கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருங்கள். கையில் நோட்டு இருக்கக் கூடாது. அன்றைக்கே வராந்தாவில் நின்றபடி ஒரே ஒரு விஷயம் பேசுங்கள். நான் தலைமையாசிரியராக இருந்தபோது ஐந்து குறைகளை ஒரேயடியாக அடுக்கி ஒருவரை அழவைத்தேன். ஆறாவதைக் கேட்க அவர் மறுநாள் வரவில்லை.

இன்னொன்று: அவருடைய காலி பீரியடுகளை மாற்று வகுப்புகளுக்குப் பிடுங்கிக்கொள்கிறீர்களா? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆசிரியருக்குச் சொல்லும் வாரம் 45 மணி நேர வேலையில் பாடத் தயாரிப்பும் அடக்கம். முதலில் கால அட்டவணையைப் பாருங்கள்.