நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு நன்கொடை மூலம் எப்படி நன்றி சொல்வது?

குடும்பத்தில் நோயுற்றவரையோ முதியவரையோ ஊதியமின்றிப் பார்த்துக்கொள்பவர்களுக்காக ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்க விரும்புவதாகவும், அதை எந்தத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிறுவனத்தைத் தேடுவதற்கு முன், உங்கள் பணம் நோயாளிக்குப் போக வேண்டுமா, பார்த்துக்கொள்பவருக்குப் போக வேண்டுமா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நடைமுறையில் அப்படி இல்லை. நம் வீடுகளில் உறவினர்கள் அனுப்பும் பணம் முழுவதும் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் டயப்பருக்கும் போய்விடுகிறது. அவ்வளவு செலவுக்குப் பிறகும் பார்த்துக்கொள்பவருடைய நாள் பழையபடியேதான் விடிகிறது. அவருக்கு இல்லாதது நேரம். ஆகையால் அவருக்குச் சில மணி நேரத்தையாவது விடுவித்துக் கொடுக்கும் நன்கொடையைத்தான் நான் நன்றி என்று கருதுவேன். விழா எடுத்துப் பொன்னாடை போர்த்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பொன்னாடையை வாங்க வருவதற்கே அவர் யாரையாவது வீட்டில் உட்கார வைத்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

2019ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகப் பதிவாகியிருக்கிறது. வீட்டினரைப் பராமரிப்பதற்கான நேரம் இதற்கு மேல் தனிக் கணக்கு: பெண்களுக்கு 134 நிமிடங்கள், ஆண்களுக்கு 76. குழந்தை வளர்ப்பும் இதில் அடங்கும் என்பதால் இந்தச் சராசரியை வைத்து ஒரு நோயாளியின் வீட்டை அளந்துவிட முடியாது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய ஒருவர் இருக்கும் வீட்டில், பார்த்துக்கொள்பவருக்கு முழுத் தூக்கம் என்பதே கிடையாது.

என் பெரியம்மாவின் மகள் திண்டுக்கல்லில் பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைச் சில ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். ஊரிலிருந்த நாங்கள் எல்லோரும் பணம் அனுப்பினோம்; அதில் குறை ஒன்றுமில்லை. ஒருமுறை தொலைபேசியில் பேசியபோது, “பணம் இருக்கட்டும்டா தம்பி, ஒரு நாள் நீ வந்து மாமாகூட இரு, நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துடுறேன்” என்றார். பிறகு சகோதரர்களாகச் சேர்ந்து, அதே தெருவில் இருந்த ஓர் அம்மாவைப் பிற்பகல்களில் வந்து இருப்பதற்குச் சம்பளம் பேசி அமர்த்தினோம். அக்கா அந்த நேரத்தில் பெரும்பாலும் தூங்கினார். சில நாள் கடைக்குப் போனார். அனுப்பிய பணத்திலேயே அதிகப் பயன் தந்தது அந்தச் சம்பளம்தான் என்பது என் எண்ணம்.

எனவே உங்கள் தொகையில் முதல் பங்கை, பகலில் சில மணி நேரம் வந்திருக்கும் ஓர் உதவியாளரின் சம்பளத்துக்கு ஒதுக்கலாம். குடும்பத்துக்கு அறிமுகமான, அக்கம்பக்கத்தைச் சேர்ந்த ஒருவராக இருந்தால் நல்லது. முன்பின் தெரியாத ஆளிடம் நோயாளியை விட்டுவிட்டு எந்தப் பெண்ணும் நிம்மதியாக வெளியே போகமாட்டார். பொருளாகக் கொடுப்பதானால் வேலையைக் குறைக்கும் பொருளைக் கொடுங்கள். சிறுநீர் நனைத்த விரிப்புகளைத் தினமும் கையால் துவைக்கும் வீட்டுக்கு ஒரு துணி துவைக்கும் இயந்திரம், பழக்கூடைகளைவிடப் பெரிய உபகாரம். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, தலைப்பக்கத்தை உயர்த்தும் கட்டில் ஆகியவை நோயாளிக்கானவைபோலத் தோன்றினாலும், இடுப்பு வலியிலிருந்து தப்புவது தூக்கி உட்காரவைப்பவர்தான். எதை வாங்குவதானாலும் அவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிறுவனத்தின் வழியாகவே கொடுக்க விரும்பினால், குணப்படுத்த முடியாத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் வலிதணிப்புச் சிகிச்சைக் குழுக்களை முதலில் சொல்வேன். இதில் கேரளத்தைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சைச் சங்கத்தின் அனுபவத்திலிருந்து, அந்தப் பத்தாண்டின் இறுதியில் மலப்புறம் பகுதியில் அண்டைவீட்டார் வலையமைப்பு என்ற முறை உருவாயிற்று. வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய உள்ளூர்க்காரர்களைச் சேர்த்து, 16 மணி நேர வகுப்பும் சில நாள் களப்பயிற்சியும் கொடுத்து, தங்கள் பகுதியில் உள்ள நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். செலவின் பெரும்பகுதியை உள்ளூரிலேயே சிறு சிறு தொகையாகத் திரட்டினார்கள். மருந்தோடு நிற்காமல், சம்பாதிப்பவர் படுத்துவிட்ட வீட்டுக்கு அரிசியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் சேர்த்தே கொடுத்தார்கள். அங்கே தொண்டர் ஒருவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசுவதே பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வாக அமைந்துவிடுகிறது. அந்த மாநில அரசே, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவர் பெயரில் மாதம் 600 ரூபாய் வழங்கும் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தையும் நடத்தி வருகிறது. தொகை மிகச் சிறியதுதான். ஆனாலும் பார்த்துக்கொள்பவர் என்று ஒருவர் தனியாக இருக்கிறார் என்பதை ஓர் அரசு ஏட்டில் எழுதிவைத்ததை நான் சிறிதாக எண்ணமாட்டேன்.

மனநோய் உள்ளவர்களின் குடும்பங்களை மனத்தில் வைத்திருந்தால், 1984இல் மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் (மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை) போன்ற அமைப்புகள் நடத்தும் பகல்நேர மையங்களுக்கு உதவலாம். மகன் அங்கே இருக்கும் நேரம் தாய்க்குக் கிடைக்கும் நேரம்.

பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு செலவு, அரசு உதவி பெறுவதற்கான அலைச்சல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கான திட்டங்களில் பராமரிப்பாளர் படியையும் குறிப்பிடுகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. ஆனால் சான்றிதழுக்காக நோயாளியை மருத்துவக் குழுவின் முன் கொண்டுபோக வண்டி வேண்டும், தூக்கி ஏற்ற இரண்டு பேர் வேண்டும், படிவம் நிரப்ப ஒருவர் வேண்டும். இதை ஏற்றுக்கொண்டால், நீங்கள் ஒருமுறை செய்யும் செலவு அந்த வீட்டுக்கு மாதந்தோறும் வரும் வருமானமாகிவிடும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு அழுத்தமாகப் படுவது, நோயாளி இறந்த பிறகு வரும் காலம். தாயைப் பார்த்துக்கொள்வதற்காகத் திருமணத்தையோ வேலையையோ விட்ட மகள், காரியம் முடிந்த மறுநாள், ஐம்பது வயதில், ஓய்வூதியமோ அனுபவச் சான்றிதழோ இல்லாமல் நிற்கிறாள். சில குடும்பங்களில் அவள் குடியிருக்கும் வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றிய பேச்சுகூட அதற்குள் தொடங்கிவிடுகிறது. காரியத்தன்று ஒரு புடவை எடுத்துக் கொடுப்பதோடு உறவினர்களின் நன்றி முடிந்துவிடுகிறது. தொண்டு அமைப்புகளோ, பட்டியலிலிருந்து நோயாளியின் பெயர் நீக்கப்பட்டவுடன் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகின்றன. நீங்கள் உதவும் குழுவிடம், இறப்புக்குப் பிறகு ஓராண்டாவது அவருக்கு உதவியைத் தொடர முடியுமா என்று கேளுங்கள். தையலோ கணினியோ சிறு கடையோ, எதற்கு உதவி வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். “நோயாளியைப் பார்த்துப் பழகியவர்தானே” என்று உடனே இன்னொரு நோயாளியின் வீட்டு வேலைக்கு அவரை அனுப்பிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவரே விரும்பிப் போனால் வேறு விஷயம். பெற்றோரின் நினைவு நாளில் இல்லங்களில் அன்னதானம் செய்யும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அதில் ஒரு பகுதியை இத்தகைய ஒருவருக்குத் திருப்பிவிடலாம்.

வரிக்கழிவைப் பொறுத்தவரை, ஒரு குடும்பத்துக்கு நேரடியாகக் கொடுப்பதற்குக் கழிவு கிடையாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்குக் கொடுத்தாலும், 2000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடைக்காது.

நேரடியாகக் கொடுக்க வீடு தேடுவது கடினமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடுவீடாகச் செல்லும் தன்னார்வலருக்கும் வலிதணிப்புச் செவிலியருக்கும், எந்தத் தெருவில் யார் தனியாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறார் என்பது தெரியும். நோயாளி விவரங்களை அவர்கள் வெளியே சொல்லக்கூடாது என்பதால் பெயர், முகவரி கேட்காதீர்கள். உங்கள் எண்ணைக் கொடுத்து, விருப்பமுள்ளவர் தாமே அழைக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.