எந்த வேலை மனநிறைவு தரும் என்று தெரியாதபோது எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேலூரில் பட்டப்படிப்பை முடித்தும் எந்த வேலைக்குப் போவது என்று தெரியவில்லை எனக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் இது விளங்காது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் மருத்துவராக முடிவெடுத்தார். அத்தகைய திருப்பம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆம்பூர் காலணித் தொழிற்சாலையில் தோலைத் தடவிப் பார்த்து, தழும்பும் கீறலும் உள்ள பகுதியை ஒதுக்கித் தரம் பிரிப்பவரின் பொழுதும், அதே கூரையின் கீழ் ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவரின் பொழுதும் முற்றிலும் வேறானவை என்பதால், எந்தத் துறை என்று பார்ப்பதைவிட, கைவேலையா, கணக்கா, மனிதரோடு பேசுவதா, எது உங்களுக்கு அலுக்கவில்லை என்று கவனியுங்கள். அதை வேலை செய்து பார்த்துத்தான் அறிய முடியும். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ்ப் பட்டதாரிகளும் உதவித்தொகையுடன், வழக்கமாக ஓராண்டு, பயிற்சி பெறலாம், முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.