மொசாம்பிக் தீவு – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன கட்டுரையில் மொசாம்பிக் தீவைப் பற்றி, ‘ஒரு நாட்டுக்கே தன் பெயரைக் கொடுத்த தீவு’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மேப்பில் தேடினேன். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரமாக ஒரு திட்டு, அவ்வளவுதான். நல்ல தண்ணீர் ஊற்றுகூடக் கிடையாதாமே? போர்ச்சுக்கீசியர்கள் எதற்கு இங்கே தலைநகரம் வைத்தார்கள்? இப்போது அங்கே ஆட்கள் இருக்கிறார்களா? போய்வர வழி உண்டா?

கே.

அன்புள்ள கே.,

ஒரு வரியில் கடந்தது என் சோம்பேறித்தனம்தான். நீங்கள் சொன்னபடி அது திட்டுதான். நீளம் மூன்று கிலோமீட்டர். அகலமான இடத்திலும் அரை கிலோமீட்டர் தேறினால் அதிகம். ஆனால் கப்பல்காரனுக்கு வேண்டியது நிலமா என்ன? தீவுக்குப் பின்னால் அலையடங்கிய கடல் இருக்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா வந்தபோதே அரபு வணிகர்களின் கப்பல்கள் அங்கே நின்றிருந்தன. மூசா பின் பீக் என்ற ஷேக்கின் பெயர்தான் மருவி மொசாம்பிக் ஆனது என்பார்கள்.

லிஸ்பனிலிருந்து கோவாவுக்குப் புறப்பட்ட கப்பல், தென்மேற்குப் பருவக்காற்றைத் தவறவிட்டால் அடுத்த காற்றுவரை மாதக்கணக்கில் இங்கேதான் கிடக்கவேண்டும். காய்ச்சலில் செத்தவர்கள் ஏராளம். 1752 வரை தீவின் நிர்வாகமே கோவாவுக்குக் கீழேதான். டையூ வணிகர்கள் துணியை இறக்கித் தந்தத்தை ஏற்றிப் போனார்கள். மொரீஷியஸ், ரீயூனியன் என்று அன்றைய பிரெஞ்சுத் தீவுகளுக்கும் பிரேசிலுக்கும் அடிமைகளும் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டார்கள்.

தண்ணீருக்கு வருவோம். வடமுனையில் சான் செபாஸ்தியான் கோட்டை, 1558-இல் கட்டத் தொடங்கியது. அதன் மொட்டைமாடிகளே மழைநீர் பிடிக்கும் தளங்கள். பெய்வதெல்லாம் ஓடிவந்து உள்ளே இருக்கும் பெரிய தொட்டியில் சேரும். 1607, 1608 என்று அடுத்தடுத்து இரண்டு முறை டச்சுக்காரர்கள் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. பிற்காலத்தில் ஊர்ஜனங்களும் அந்தத் தொட்டியில் வந்து தண்ணீர் எடுத்திருக்கிறார்கள்.

படங்களில் வருவதெல்லாம் வடபாதிக் கல் நகரம்தான். தென்பாதிக்கு மகூட்டி என்று பெயர். நம் தென்னங்கீற்றுதான் மகூட்டி. கல் நகரத்துக்கான பவளக்கல்லைத் தென்பாதியில்தான் வெட்டினார்கள். வெட்டிய பள்ளத்தில் ஆப்பிரிக்க உழைப்பாளிகள் குடிசை போட்டார்கள். தெருவில் நின்றால் சில இடங்களில் வீட்டுக் கூரை உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். படியிறங்கித்தான் வாசலுக்குப் போகவேண்டும். நல்ல மழை பெய்தால் தெருத்தண்ணீரும் அதே வழியாக இறங்கும். ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டீர்களே, தீவின் ஜனங்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறார்கள்.

1898-இல் தலைநகரம் தெற்கே லொரென்சோ மார்க்கெஸுக்குப் போனது; இன்றைய மபுட்டோ. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்கு அது பக்கம். காசு அந்தப் பக்கம் போனதால் இங்கே பழையதை இடித்துக் கட்ட ஆளில்லை. 1991-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது எல்லாம் சிதிலமாக, ஆனால் அப்படியே இருந்தது.

போய்வர வழி உண்டு. 1960-களில் கட்டிய பாலம் இருக்கிறது, மூன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆமாம், தீவைவிடப் பாலம் நீளம். ஒற்றைத் தடம் வேறு. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கிக்கொள்ள நடுநடுவே இடம் விட்டிருக்கிறார்கள்.