காட்டுப்பூவரசை நீலகிரியில் நட்டவர் யார்?

கேள்வி: உதகையில் சிவப்பாகப் பூத்திருந்த ஒரு மரத்தைக் காட்டி, "இது காட்டுப்பூவரசு, இமயமலை மரம். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டது" என்றார் வழிகாட்டி. இமயமும் நீலகிரியும் ஆதியில் ஒரே மலையாக இருந்ததால்தான் இரண்டிலும் அது இருக்கிறது என்கிறார் என் நண்பர். எது சரி? வரையாடும் இப்படி வந்ததுதானா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இரண்டும் தவறு. தைலமரம், சீகை (வாட்டில் மரம்), தேயிலை என்று வெள்ளையர் கொண்டுவந்தவை நீலகிரியில் கண்ணில் படும் இடமெல்லாம் நிற்பதால், வழிகாட்டி இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். அந்த மண்ணுக்கே உரிய ஒரு மரத்தை அங்கேயே நின்றுகொண்டு அந்நியமாக்கிப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோவை ஆட்சியர் சல்லிவன் உதகையில் குடியேறிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த 1830களில், செங்கர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இந்த மரத்தை இமயமலை மரத்திலிருந்து வேறான இனமாகவே விவரித்து, நீலகிரியின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். இன்று பலர் அதை இமயமலை மரத்தின் துணையினம் என்று கொள்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது, பறிக்காமல், ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறம் முழுவதும் பழுப்பு மஞ்சள் நிறத்தில் கம்பளி போலத் தடித்த சுணை அப்பியிருக்கும். மேற்கு இமயத்தில் இதே மரத்தின் இலையடி பெரும்பாலும் மெல்லிய வெள்ளிப் பூச்சாக இருக்கிறது. இலங்கையின் ஹோட்டன் சமவெளியில் 'மகா ரத்மல்' என்று சிங்களத்தில் அழைக்கப்படும் மரத்தின் இலையோ மேலே சுருக்கம் விழுந்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கிறது. நட்டு இருநூறு ஆண்டுகளில் இப்படி மூன்று சாயல் உண்டாகாது. ஒன்றோடொன்று கலவாமல் மிக நெடுங்காலம் தனித்து வாழ்ந்தால்தான் உண்டாகும்.

நண்பர் சொல்வதற்கு நிலவியல் இடம் தரவில்லை. நீலகிரியின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை கொண்டவை. இமயமோ இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கிய ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்குள் எழுந்த மலை.

உங்கள் கேள்வி பழைய கேள்வி. ஒரே செடி தொலைதூரச் சிகரங்களில் காணப்படுவதைக் கண்ட ஜெர்மானிய இயற்கையியலாளர் கிமெலின், 1747இலேயே, அது பல இடங்களில் தனித்தனியாகப் படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அதை மறுத்து, 1846இல் பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸும் 1859இல் டார்வினும் பனியுகத்தைக் காரணமாகக் காட்டினார்கள். குளிர் மிகுந்தபோது மலைச்செடிகள் சமவெளிக்கு இறங்கிப் பரவின, வெப்பம் திரும்பியபோது அருகில் இருந்த மலைகளில் ஏறி அங்கங்கே தனித்துவிட்டன என்பது அவர்கள் விளக்கம். இமயத்திலும், தென்னிந்தியாவின் தனித்த மலைகளிலும், இலங்கையின் உயரங்களிலும் ஒரே செடிகளோ ஒன்றுக்கு ஈடான செடிகளோ காணப்படுவதை டார்வின் எடுத்துக்காட்டாகவே குறிப்பிடுகிறார்.

ஐரோப்பாவுக்கு நன்றாகப் பொருந்தும் அந்த விளக்கத்தை நம் ஊருக்கு அப்படியே ஒட்டிவிட முடியாது என்பது என் கருத்து. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு பாகை போலக் குறைகிறது. பனியுகத்தில் இப்பகுதி நான்கைந்து பாகை குளிர்ந்ததாகக் கொண்டால், 1,500 மீட்டருக்கு மேல் வளரும் மரம் 700, 800 மீட்டர் கீழே இறங்கலாம். அப்போதும் தக்காணத்தின் தாழ்ந்த பகுதிகளும் கங்கைச் சமவெளியும் அதற்கு எட்டாது. ஆகவே இடைவெளியற்ற காடு ஒன்று இமயம் முதல் நீலகிரி வரை விரிந்து கிடந்ததாக நினைக்காமல், ஆற்றில் கல்லுக்குக் கல் தாவிக் கடப்பதைப் போல நினைத்துக்கொள்வதே பொருத்தம். நடு இந்தியாவின் சாத்பூரா மலைத்தொடரில் உள்ள தூப்கர் 1,350 மீட்டர், கிழக்குத் தொடர்ச்சி மலையின் மகேந்திரகிரி 1,501 மீட்டர். இன்று இந்த மரத்துக்கு வெப்பம் மிகுந்த இத்தகைய சிகரங்கள் அன்று ஏற்றவையாக இருந்திருக்கலாம். மலையோடை மீன்கள் சாத்பூரா வழியாகவே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்தன என்று மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா சென்ற நூற்றாண்டின் நடுவில் வாதிட்டதும் இந்த வழியைத்தான். மீனுக்கு நீர்வழி வேண்டும், மரத்துக்கு வேண்டாம். காட்டுப்பூவரசின் காய் வெடித்தால் உதிரும் விதை மில்லிமீட்டர் கணக்கில் அடங்குவது, காற்று எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடியது. 2,000 கிலோமீட்டரை அது ஒரே மூச்சில் கடந்தது என்று நம்புவது கடினம். ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் பல ஆயிரம் ஆண்டுகளில் எப்போதோ ஒருமுறை போனால் போதும்.

குளிர் மட்டும் இருந்தால் போதாது, ஈரமும் வேண்டும். உதகையை ஒட்டிய சதுப்புகளின் கரிமச் சேர்மானத்தை ஆராய்ந்து 1993இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முன், கடுங்குளிர் நிலவிய காலத்தில், இங்கே பருவமழை குன்றி வறட்சிக்கேற்ற புற்கள் மேலோங்கியிருந்தன என்று காட்டியது. எனவே மரம் நடந்து வந்த காலம் அந்த உச்சக் குளிர்காலமாக இருக்க வேண்டியதில்லை. குளிரும் மழையும் சேர்ந்து வாய்த்த வேறு காலங்களை நாம் தேட வேண்டும். கடந்த 26 லட்சம் ஆண்டுகளில் பனியுகம் ஒன்றல்ல, பல முறை வந்து போயிருக்கிறது.

இலங்கைக்குப் போன வழியில் கடல் பெரிய தடையல்ல. பனியுக உச்சத்தில் கடல் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது தரையாகவே கிடந்தது.

வரையாட்டை இந்தக் கதையில் சேர்க்காதீர்கள். உருவ ஒற்றுமையை வைத்து இமயத்துத் தார் ஆட்டின் நெருங்கிய உறவாக அதை நெடுங்காலம் எண்ணிவந்தார்கள். 2005இல் வெளியான மரபணு ஆய்வில், இமயத்துத் தார் வெள்ளாட்டினத்தோடும் நம் வரையாடு செம்மறி இனத்தோடும் நெருங்கி நிற்பது தெரியவந்தது. அந்த ஆய்விலேயே வரையாட்டுக்குத் தனிப் பேரினமும் வகுக்கப்பட்டது. அதன் முன்னோர் எந்த வழியாக வந்திருந்தாலும், அதைக் காட்டுப்பூவரசின் வழியை வைத்து ஊகிக்க முடியாது.