ஊசி போட்டு எடுத்த சி.டி. ஸ்கேன் இருக்க, எச்.ஆர்.சி.டி. எதற்கு?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் தந்தைக்கு 64 வயது. மரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீட்டில் புறா வளர்க்கிறார். ஓராண்டாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் உள்ளன. சில மாதங்களுக்கு முன் ஊசி போட்டு நெஞ்சு சி.டி. ஸ்கேன் எடுத்து, இரத்தக்கட்டி இல்லை என்றார்கள். இப்போது பினாங்கு பொது மருத்துவமனையில் எச்.ஆர்.சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள். மறுபடியும் கதிர்வீச்சு தேவைதானா? நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.

பதில்: முதல் ஸ்கேன், நுரையீரல் தமனிகளில் இரத்தக்கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, இரத்தக்குழாய்களைப் படத்தில் துலங்கச் செய்யும் ஊசி மருந்து அந்தக் குழாய்களை அடையும் நொடியைக் கணக்கிட்டு எடுக்கப்பட்டது. அந்த மருந்து நுரையீரலையே சற்று வெளிறிக் காட்டுவதால், லேசான மங்கல் தெரிந்தால் அது நோயா மருந்தின் விளைவா என்று உறுதியாகச் சொல்வது கடினம். ஆயினும் அந்தப் படங்கள் மெல்லிய குறுக்குவெட்டுகளாகச் சேமிக்கப்பட்டிருந்தால், அவற்றிலிருந்தே பாதி விடை கிடைக்கக்கூடும் என்பதால், படங்கள் பதிந்த குறுந்தட்டை மருத்துவரிடம் கட்டாயம் கொடுங்கள்.

எச்.ஆர்.சி.டி. என்னும் உயர் நுணுக்க சி.டி., நுரையீரல் திசுவை ஆராய்வதற்கானது. 1.5 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவான தடிமனோ உள்ள வெட்டுகளாக, நுண்ணிய விளிம்புகள் துலங்கும்படி படம் உருவாக்கப்படுகிறது. இதற்குப் பொதுவாக ஊசி மருந்து தேவையில்லை. ஊசி மருந்து போடும்போதுதான் சிலருக்கு மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்வார்கள்; ஆகவே இந்த ஸ்கேனுக்காக அதை நிறுத்த வேண்டிய அவசியமும் எழாது.

மல்லாந்து படுத்து மூச்சை முழுவதும் இழுத்து நிறுத்தி எடுக்கும் படமே அடிப்படையானது. குப்புறப் படுக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: மல்லாந்து படுக்கும்போது முதுகுப்பக்க நுரையீரல் எடையால் அழுந்தி மங்கலாகத் தெரியும்; குப்புறப் படுத்ததும் அது மறைந்தால் நோயல்ல, மறையாவிட்டால் ஆரம்பநிலைத் தழும்பாக இருக்கலாம். உங்கள் தந்தைக்கு நான் மிக முக்கியமாகக் கருதுவது, மூச்சை முழுவதும் வெளியே விட்டு எடுக்கும் படத்தை. காற்று வெளியேற முடியாமல் சிக்கிக்கொண்ட பகுதிகள் அதில் கறுப்பாகவே நிற்கும். புறாக்களின் எச்சம், இறகுத் தூசி, மரத்தூள் ஆகியவற்றை நெடுங்காலம் சுவாசித்தவருக்கு ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களுள் அது ஒன்று.

மாறாக, நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெளி விளிம்பை ஒட்டித் தேன்கூடு போன்ற துளைகளும், இழுபட்டு விரிந்த மூச்சுக்குழல்களும் தெரிந்தால், அது வேறு வகைத் தழும்பு நோயைச் சுட்டும்; தெளிவாகத் தெரிந்தால் திசு எடுத்துச் சோதிக்கும் தேவையே இல்லாமல் போகலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. முதலாவதில் காரணமான தூசியை விலக்குவதே முதல் மருந்து. சிலருக்கு ஸ்டீராய்டு உதவும். இரண்டாவதில் தழும்பு பெருகுவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் உள்ளன. இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த, காரணம் தெரியாத தழும்பு நோய்க்கு ஸ்டீராய்டும், உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் அசதியோபிரினும் கலந்து கொடுத்தது தீங்கு விளைவித்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. வகை தெரியாமல் மருந்து தொடங்குவதைவிட இந்த ஸ்கேனை எடுப்பதே பாதுகாப்பானது என்று நான் சொல்வது இதனால்தான்.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, வழக்கமான நெஞ்சு சி.டி.யின் அளவு சுமார் 6 அல்லது 7 மில்லிசீவெர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சின் அலகு). இயற்கையிலிருந்து நாம் ஆண்டுதோறும் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவெர்ட். மூச்சை விட்டும் குப்புறப் படுத்தும் எடுக்கும் கூடுதல் படங்களைக் குறைந்த அளவிலேயே எடுக்க முடியும். இருபது வயதுப் பெண்ணுக்கு என்றால் இன்னும் தயங்கி யோசிப்பேன். 64 வயதில், காரணம் தெரியாத மூச்சிரைப்போடு இருப்பவருக்குத் தயக்கம் வேண்டாம்.

கோலாலம்பூருக்குப் போனால் புதிய இயந்திரத்தில் எடுக்கலாமே என்று உறவினர்கள் சொல்லக்கூடும். இரு வேறு ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களால் எடுக்கும் இரட்டை ஆற்றல் சி.டி. இரத்த ஓட்டம் குறைந்த பகுதிகளைக் காட்டவல்லது. பழைய இரத்தக்கட்டியால் வரும் நோயில் பயன்படும், ஆனால் அதற்கு ஊசி மருந்து வேண்டும். எக்ஸ் கதிரின் நுண்துகள்களான ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் சி.டி., அமெரிக்காவில் 2021இல் அனுமதி பெற்றது. குறைந்த கதிர்வீச்சில் இன்னும் நுண்ணிய படம் தருகிறது. உங்கள் தந்தையின் கேள்விக்கு இவை அவசியமில்லை. நன்றாக மூச்சு நிறுத்தி எடுத்த படமும், இந்நோய்களைப் பார்த்துப் பழகிய கதிரியக்க நிபுணரும் போதும்.

மூச்சை முழுவதும் இழுத்துச் சில நொடிகள் அசையாமல் நிறுத்தவும், முழுவதும் விட்டு நிறுத்தவும் அவரை வீட்டிலேயே பழக்குங்கள். அரைமூச்சில் எடுத்த படம், இல்லாத நோயை இருப்பதுபோல் காட்டும். புறாக்களைப் பற்றியும், மரத் தொழிற்சாலையில் இருந்த ஆண்டுகளைப் பற்றியும், மூட்டு வலி இருந்தால் அதையும், இதயத்துக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ நீண்டநாள் சாப்பிட்ட மாத்திரைகளையும் மருத்துவரிடம் சொல்லி, ஸ்கேன் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.