மதியம் யார் வருவார்?

அன்புள்ள அக்கா,

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குத் தனியாக இருக்கிறேன். வேலை ராணிப்பேட்டையில். காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். பைபாஸில் அடிபட்டுக் கிடந்து, தன்னார்வலர்கள் தேற்றிய நாட்டு நாய் ஒன்றைத் தத்தெடுக்கலாம் என்கிறார்கள். நான்கு வயது, பின்னங்கால் லேசாக இழுக்கும். அவர்களிடமே இரண்டு மாதக் குட்டியும் இருக்கிறது. குட்டி என்றால் சீக்கிரம் பழகும் என்று தோன்றுகிறது. குடியாத்தத்தில் இருக்கும் அம்மாவோ, "நாள் முழுக்கப் பூட்டி வைக்கறதுக்கு எதுக்கு ஒரு ஜீவன், பாவம்" என்கிறார். வேலைக்குப் போகிறவள் நாய் வளர்க்கவே கூடாதா?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

வளர்க்கலாம். குட்டி மட்டும் வேண்டாம், அந்த நான்கு வயது நாயை எடுங்கள்.

இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளில் மூன்று நான்கு வேளை சாப்பாடு வேண்டும். சிறுநீரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. மனிதர்களையும் சத்தங்களையும் கண்டு பயப்படாமல் பழகுகிற வயதும் அதுதான். அந்த வயதில் பூட்டிய அறையில் தனியாகக் கிடந்தால் பயந்த நாயாகவே வளரும். வளர்ந்த நாய் அப்படியில்லை. மதியம் இரண்டு மணிக்கு உங்கள் தெருவையே பாருங்கள், எல்லா நாயும் காருக்கு அடியில் படுத்துத் தூங்கும். அதிகாலையிலும் அந்தியிலும்தான் அவை சுறுசுறுப்பு. நீங்கள் வீட்டில் இருக்கும் நேரமும் அதுவே.

ஆனால் பத்து மணி நேரம் அதிகம். வளர்ந்த நாயும் ஆறு முதல் எட்டு மணி நேரம்தான் தாங்கும். அதனால் மதியம் ஒருமுறை வந்து வெளியே கூட்டிப்போய், தண்ணீர் மாற்றிவைக்க ஒரு ஆள் வேண்டும். கீழ்வீட்டு அம்மாவோ, பக்கத்தில் ஓய்வு பெற்றவரோ, சம்பளத்துக்கு ஒருவரோ, யாராக இருந்தாலும் சரி. அந்த ஆள் கிடைக்காதவரை நாயை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அடுத்தது நம் ஊர் வெயில். கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மொட்டை மாடியிலோ ஷீட் போட்ட பால்கனியிலோ நாயைக் கட்டிப்போட்டு வேலைக்குப் போகவே கூடாது. மூச்சிரைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது, சுற்றிலும் அனல் என்றால் அதுவும் பலிக்காது. உள்ளறையில் மின்விசிறி ஓடட்டும், இரண்டு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும். விடாமல் இரைத்து, எச்சில் வடிந்து, தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, காற்றுப் படவைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.

கொண்டு வந்ததும் சில நாள் லீவு போடுவீர்கள் இல்லையா, அந்த நாட்களில் பகல் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்காராதீர்கள். அப்புறம் நீங்கள் ஆபீஸ் போகிற முதல் நாளே அது கதவைப் பிறாண்டும். முதலில் ஐந்து நிமிடம் வெளியே போய் வாருங்கள், பிறகு கால் மணி, அரை மணி. போகும்போது கொஞ்சிக் கிளம்ப வேண்டாம், சும்மா போங்கள். உப்பில்லாத தயிரைக் கிண்ணத்தில் உறையவைத்துக் கொடுத்தால் நக்கிக்கொண்டே இருக்கும், அதிலேயே மனம் அமைதியாகும். முதல் வாரம் கட்டிலடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். அடிபட்ட உடம்பு, நம்ப நாளாகும்.

ரேபிஸ் தடுப்பூசி போட்ட அட்டையைக் கேட்டு வாங்குங்கள். வருடம் ஒருமுறை அதைத் திரும்பப் போட வேண்டும். காது நுனியில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை முடிந்தது என்று பொருள். உண்ணிக்கு மருந்து கேளுங்கள், உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொன்றுவிடும். வீட்டுக்காரரிடம் முன்பே நேரில் பேசிவிடுங்கள். பிறகு தெரிந்து அவர் மறுத்தால், அந்த நாய் இரண்டாம் முறை வீடிழக்கும்.

மதியத்துக்கு ஆள் தேடும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அதன் அருகில் சும்மா உட்கார்ந்துவிட்டு வாருங்கள். உங்கள் வாசனை அதற்கு இப்போதே தெரியட்டும்.