கேள்வி – பதில்: ஆழ்கடலில் சிக்கியவரை மீட்க முடியுமா?

கேள்வி: 2023 ஜூன் மாதம் டைட்டானிக் சிதைவைப் பார்க்கச் சென்ற ‘டைட்டன்’ கலம் காணாமல் போனபோது, உள்ளே இருப்பவர்களுக்கு 96 மணி நேரத்துக்கான ஆக்சிஜன் இருக்கிறது என்று தொலைக்காட்சிகள் ஓயாமல் கணக்குச் சொல்லின. அத்தனை கப்பல்களும் விமானங்களும் குவிந்தும் ஏன் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: கலம் உடையாமல் இருந்தால்தான் அந்த 96 மணி நேரத்துக்குப் பொருள் உண்டு. ஜூன் 18 அன்று கடலுக்குள் இறங்கத் தொடங்கிய டைட்டனிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து, இறங்குவதற்காகச் சுமந்த எடைகளில் இரண்டைக் கழற்றிவிட்டதாகத் தாய்க்கப்பலான ‘போலார் பிரின்ஸ்’ஸுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, அடுத்த சில நொடிகளில் தொடர்பு அறுந்தது. அப்போது கலம் 3,300 மீட்டருக்கும் கீழே இருந்தது. அந்த ஆழத்தில் கட்டைவிரல் நகத்தளவு இடத்தின் மீது சுமார் 340 கிலோ எடை ஏறி நிற்பதற்குச் சமமான அழுத்தம் இருக்கும். கலத்தின் சுவர் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தாலும், கண் இமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்குள் முழுக் கலமும் உள்நோக்கி நொறுங்கிவிடும். உள்ளே இருந்த ஐவருக்கும் நடந்தது என்னவென்று உணர நேரம் இருந்திருக்காது. ஆகவே, தேடுதல் தொடங்கும் முன்பே மீட்பதற்கு எவரும் இல்லை என்பதே உண்மை.

அமெரிக்கக் கடற்படையின் ஒலிக்கருவிகள் அன்றைக்கே நொறுங்கலை ஒத்த ஓர் ஒலியைப் பதிவு செய்திருந்தன. அது உறுதியான சான்று இல்லை என்பதால் தேடுதல் நிறுத்தப்படவில்லை. அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேடிய விதத்தைப் பார்த்தால், கலம் உடையாமல் தரையில் கிடந்திருந்தாலும் முடிவு மாறியிருக்குமா என்ற ஐயம் எழுகிறது. வானொலி அலையும் ஜிபிஎஸ் சமிக்ஞையும் கடல்நீரை ஊடுருவிச் செல்லாதவை. ராடார் நீருக்கடியில் எதையும் காணாது. எஞ்சியிருப்பது ஒலி மட்டுமே. அந்த ஒலியும் வெப்பநிலை மாறும் நீர் அடுக்குகளில் வளைந்து, கப்பல் எந்திரங்களின் இரைச்சலோடு கலந்து வருவதால் எளிதில் ஏமாற்றும். கனடிய விமானம் போட்ட, நீருக்கடி ஒலியைக் கேட்கும் மிதவைகளில் தட்டும் ஓசை கேட்டதாக உலகமே நம்பிக்கை கொண்டதும், அதற்கும் டைட்டனுக்கும் தொடர்பில்லை எனப் பின்னர் தெரிந்ததும் நினைவிருக்கலாம்.

இனி, அந்த ஆழத்துக்கு இறங்கி வேலை செய்யக்கூடிய ஆளில்லா இயந்திரங்கள் உலகில் மிகச் சிலவே. ‘ஒடிசியஸ் 6கே’ என்ற ஒன்றை அமெரிக்காவின் பஃபலோ நகரிலிருந்து விமானப்படையின் சி-17 விமானங்களில் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கப்பலில் ஏற்றி, சுமார் 600 கிலோமீட்டர் கடல் கடந்து, ஜூன் 22 காலையில்தான் கடல்தரையில் இறக்க முடிந்தது. டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் சிதைவுகளைக் கண்டது அதுவே. அமெரிக்கக் கடற்படையிடம் பளுவான பொருள்களை ஆழத்திலிருந்து தூக்கும் சாதனம் ஒன்று இருந்தது. ஆனால் அதைக் கப்பலின் தளத்தில் பற்றவைத்துப் பொருத்துவதற்கே ஏறத்தாழ ஒரு நாள் தேவை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: டைட்டனின் மூடி வெளியிலிருந்து போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. அது தானாகவே மேலே வந்து அலைகளுக்கிடையே மிதந்திருந்தாலும், வெளியிலிருந்து ஒருவர் வந்து திறக்கும்வரை உள்ளிருப்பவர்கள் மூச்சுக்காற்றை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: அப்படியானால் ஆழத்தில் சிக்கிய எவருமே உயிரோடு திரும்பியதில்லையா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: திரும்பியிருக்கிறார்கள். 1973 ஆகஸ்ட் 29 அன்று அயர்லாந்துக்குத் தென்மேற்கே, தொலைபேசிக் கேபிள் பதிக்கும் பணியை முடித்து மேலே வந்த ‘பைசிஸ் 3’ என்ற இரண்டு பேர் கலத்தை இழுத்துக் கப்பலில் ஏற்றும்போது, இழுவைக் கயிறு சிக்கிப் பின்புற அறையின் மூடி பிய்ந்தது. அந்த அறையில் நீர் நிரம்பவே, கலம் சுமார் 480 மீட்டர் ஆழத்தில் தரையில் போய் விழுந்தது. ரோஜர் சாப்மன், ரோஜர் மாலின்சன் ஆகிய இருவரும் இருந்த கோளம் மட்டும் உடையவில்லை. அவர்கள் ஆக்சிஜனைச் சேமிப்பதற்காகப் பேச்சைக் குறைத்து, அசையாமல் படுத்து, கையிலிருந்த ஒரு சாண்ட்விச்சையும் ஒரு டின் எலுமிச்சைப் பானத்தையும் வைத்துக்கொண்டு மூன்று நாள்களுக்கு மேல் குளிரிலும் இருட்டிலும் கிடந்தார்கள். 76 மணி நேரத்துக்குப் பின் மேலே தூக்கப்பட்டபோது, இன்னும் 12 நிமிடங்களுக்கான ஆக்சிஜனே மிச்சம் இருந்தது.

இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டால் விஷயத்தைத் தவறவிட்டுவிடுவோம். கலத்தோடு ஒலிவழித் தொலைபேசித் தொடர்பு அறாமல் இருந்தது. அதே வகையைச் சேர்ந்த பைசிஸ் 2, பைசிஸ் 5 ஆகிய கலங்களையும் அமெரிக்கக் கடற்படையின் ஆளில்லா இயந்திரத்தையும் வரவழைக்க முடிந்தது. ஆழமும் அரைக் கிலோமீட்டருக்குள் அடங்கியது. அப்படியிருந்தும் கயிறுகள் சிக்கியும் கருவிகள் பழுதாகியும் முயற்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. 2005-இல் கம்சட்கா அருகே 190 மீட்டர் ஆழத்தில் வலைகளில் சிக்கிய ரஷ்யக் கலத்தின் ஏழு பேரை, பிரிட்டிஷ் ஆளில்லா இயந்திரம் அந்த வலைகளை வெட்டி விடுவித்தது. அந்த ஆழத்தை டைட்டானிக் கிடக்கும் 3,800 மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் கடற்படையிடம் 2018 முதல் இருக்கும் மீட்பு ஊர்திகூடச் சுமார் 650 மீட்டர் வரைதான் இறங்கும்; அதுவும் பொருந்தி ஒட்டிக்கொள்வதற்கான வாசல் உள்ள நீர்மூழ்கிகளுக்கே உதவும்.

கேள்வி: கப்பலிலிருந்து ஓர் உறுதியான கயிற்றில் கட்டி இறக்கினால் இந்தத் தொல்லையே இருக்காதே? (வாசகர், சிவகாசி)

பதில்: தொடக்கத்தில் அப்படித்தான் இறக்கினார்கள். வில்லியம் பீபியும் ஓட்டிஸ் பார்ட்டனும் 1934-இல் பெர்முடா அருகே ஓர் எஃகுக் கோளத்தில் அமர்ந்து, கம்பிவடத்தில் தொங்கியபடி 923 மீட்டர் வரை சென்றார்கள். வடம் அறுந்திருந்தால் அவர்களுக்கு மேலே வர வேறு வழியே இல்லை. மூன்று, நான்கு கிலோமீட்டர் நீள வடத்துக்குத் தன் எடையே பெரும் சுமை; மேலே கப்பல் அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் கீழே கலம் வெட்டி இழுக்கப்படும்; சிதைந்த கப்பலின் கம்பிகளில் வடமே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் இப்போதைய கலங்கள் எடைகளைச் சுமந்து இறங்கி, அவற்றை உதறிவிட்டுத் தாமே மேலெழும்பும்படி அமைக்கப்படுகின்றன.

கேள்வி: டைட்டன் நொறுங்கியதற்குக் கார்பன் இழைதான் காரணமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பொருள் ஒரு காரணம், பிடிவாதம் அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கருத்து. டைட்டனின் உடற்பகுதி கார்பன் இழையால் ஆனது; அது இழுவிசையைத் தாங்குவதில் சிறந்தது. நாற்புறமும் நெருக்கும் அழுத்தத்தில் அந்த இழையின் அடுக்குகள் பிரியக்கூடும், ஒவ்வொரு பயணமும் அந்தச் சேதத்தைக் கூட்டக்கூடும். 2022-இல் ஒரு பயணத்தின் முடிவில் பலத்த வெடிச்சத்தம் கேட்டும் கலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட்டது. டைட்டனை உருவாக்கி இயக்கிய ‘ஓஷன்கேட்’ நிறுவனத்தின் பொறுப்பாளர் ஒருவரும் வெளியிலிருந்த வல்லுநர்களும் 2018-லேயே எச்சரித்திருந்தார்கள். எந்தச் சான்று நிறுவனத்திடமும் கலம் தகுதிச் சான்று பெறவில்லை. இரண்டரை லட்சம் டாலர் கட்டணம் செலுத்தியவர்களைப் பயணிகள் என்று அழைக்காமல் ‘மிஷன் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பெயரிட்டதும் விதிகளுக்குப் பிடிகொடுக்காமல் இருக்கத்தான். விபத்து தவிர்த்திருக்கக்கூடியது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விசாரணை அறிக்கை 2025-இல் கூறியது.

கேள்வி: சென்னையில் உருவாகும் ‘மத்ஸ்யா 6000’ கலத்தில் மூவர் இறங்கப் போகிறார்களே, அவர்களுக்கு என்ன பாதுகாப்பு? (வாசகி, சென்னை)

பதில்: தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் இந்தக் கலத்தில் ஆட்கள் அமர்வது 80 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட டைட்டானியக் கலப்புலோகக் கோளம், கோளம் என்பதால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். வழக்கமான பயணம் 12 மணி நேரம், நெருக்கடி வந்தால் 96 மணி நேரம் உயிர்காக்கும் ஏற்பாடு உண்டு. டைட்டன் விபத்துக்குப் பிறகு வடிவமைப்பும் சோதனை முறைகளும் மீண்டும் சரிபார்க்கப்பட்டன. 2025-இன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீர்ச் சோதனைகள் நடந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நம்மவர் இருவர் பிரான்சின் ‘நாட்டீல்’ கலத்தில் இறங்கி, ஒருவர் 4,000 மீட்டரையும் மற்றவர் 5,000 மீட்டரையும் தாண்டிவந்தது நல்ல பயிற்சி.

ஆனாலும், அந்த 96 மணி நேரத்துக்குள் யார் வந்து தூக்குவார்கள் என்ற கேள்வி இங்கும் உண்டு. அதே கழகத்திடம், 5,000 மீட்டருக்கும் கீழே சோதிக்கப்பட்ட ‘ரோசப் 6000’ என்ற ஆளில்லா இயந்திரம் இருக்கிறது. மூவரும் இறங்கும் நாளில் அது கரையிலுள்ள கொட்டகையில் இருக்குமா, அல்லது அதே கடற்பரப்பில் ஒரு கப்பலின் தளத்தில் இறங்குவதற்குத் தயாராக நிற்குமா என்பதையே நான் அதிகாரிகளிடம் முதலில் கேட்பேன்.